பாதாம் அளவு

பாதாம் அளவுதான், என்றார் எடுத்தவர்.
சயான் ஆஸ்பத்திரியில், ஒரு ஜூலை மழையில்,
கட்டி படர்ந்த இடப்பக்கத்தோடு
ஒன்றும் அறியாத வலப்பக்கத்தையும் சேர்த்து.
ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு
என்று ஞானராஜ் கையெழுத்துப் போட்டார்.
நானும்தான் போட்டேன்.

வலி போனது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.
மாதத்தில் ஆறு நாள் குப்புறக் கிடந்தவள்
முதன்முதலாக வெள்ளைச் சுடிதார் தைத்துக்கொண்டேன்.

அப்புறம் நள்ளிரவுகளில்
பிரிட்ஜைத் திறந்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்,
வெண்டைக்காய்க்கும் தோசை மாவுக்கும் எதிரே,
கழுத்தெல்லாம் வேர்க்க.
அது உடம்பு சத்தம் போட்ட பகுதி.

வரவு நின்ற வீட்டில்
முதலில் பரணில் கிடக்கும் வெண்கலம் போகும்.
பிறகு சீர் வந்த அண்டா.
வாசலில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது;
திரைச்சீலை துவைத்துப் போட்டிருக்கும்,
வந்தவருக்குக் காப்பி கிடைக்கும்.
ஆறு வருஷம் அப்படித்தான்
என் முதுகெலும்பு எனக்குக் காப்பி கொடுத்தது.

குர்லாவில் எட்டு பதினேழு.
ஓடும்போதே ஏறிப் பழகியவள்.
அன்று ஓடவில்லை, விழவில்லை,
மேல்தட்டில் டிபன் பையை வைக்கக் கை தூக்கினேன்,
வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது,
கம்பியில் மணிக்கட்டு தட்டியது. அவ்வளவுதான்.
முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம்.
நாலாம் சீட்டுக்காரிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்கேன் எடுத்த பெண்
எப்சிபா ஞானராஜ், நாற்பத்தாறு, என்று படித்தாள்,
என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படித்தாள்.
ஹில்னா மத், என்றாள். அசையவில்லை.
மேலே ஏதோ ஒன்று கடந்துபோனது, தொடாமல்.
மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பது.
எழுபது வயசுக்காரியின் இடுப்பை
என் சுடிதாருக்குள் நடத்திக்கொண்டிருக்கிறேனாம்.

அதே வாரம் நேரு நகரில் எங்கள் கட்டடத்துக்கும்
ஒருவர் சுத்தியலோடு வந்தார்,
ஒவ்வொரு தூணாகத் தட்டி, காது வைத்துக் கேட்டார்.
முப்பது வருஷம் ஆனால் கட்டடத்துக்கு நோட்டீஸ் வருகிறது.

விலாவிலிருந்து ஒன்றை எடுத்துப் பெண்ணைச் செய்ததை
ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள் நான்.
பெண்ணிலிருந்து இரண்டை எடுத்தால்
விலா என்னவாகும் என்று
எந்தப் பிரசங்கத்திலும் வரவில்லை.
பழைய டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்தேன்:
தையல் பிரிக்கும் தேதி.
தாம்பத்தியம் ஆறு வாரம் கழித்து.
பளு தூக்கக் கூடாது.

அந்தக் கடைசி வரியைத்தான்
ஆறு வருஷமும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.
சிலிண்டரை மகன் உருட்டினான்,
அரிசிப் பையை வாட்ச்மேன் தூக்கி வந்தார்.
புது டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.
கை கூடட்டும், அப்புறம் தூக்குங்கம்மா, நடங்க, படியேறுங்க;
எலும்பு சுமை கேக்கிற சாமான்,
சுமக்காத இடத்தைச் சும்மா வச்சிருக்காது.
வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில்,
விழுங்கிவிட்டு அரைமணி படுக்கக் கூடாது.
தாராவி சித்தி போன் போட்டு
பாதாம் ஊறவச்சுத் தின்னுடி, என்றாள்.
எனக்கு வந்த சிரிப்பு ஞானராஜுக்குப் புரியவில்லை.

இன்று வண்டியில் பெட்னேகர் தாயி எழுந்து இடம் தந்தாள்.
மராத்தியில் தாயி என்றால் அக்காதான்,
பதினோரு வருஷமாக என் காதில் தாயாகவே விழுகிறது.
உட்கார்ந்தேன்.
அவள் பையை மடியில் வாங்கிக்கொண்டேன், நல்ல கனம்.
எனக்கும் ரெண்டையும் எடுத்தாச்சு, என்றாள், சாதாரணமாக,
சீசன் டிக்கெட் எடுத்ததைச் சொல்வதுபோல.
எந்த வருஷம் என்றேன்.
விரல் விட்டாள், ஒரு கை போதவில்லை.
எலும்பு ஸ்கேன்?
அது எதுக்கு?

மாட்டுங்கா போய்விட்டது. தாதரில் இறங்கிவிடுவாள்.
வலக்கையில் மாவுக்கட்டு.
மின்சார பில்லின் பின்பக்கத்தில் இடக்கையால்
பரேல், ஸ்டேஷனுக்கு எதிரே, இரண்டாம் மாடி
என்று எழுதத் தொடங்கினேன்,
ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தில்,
வண்டி ஒவ்வோர் எழுத்தையும் ஆட்ட ஆட்ட.